நாற்பத்தேழாம் நம்பரை விற்றவர்கள்

நார்மன் என்ட்விசில் இருபத்தாறு வருடம் நாற்பத்தேழாம் நம்பர் பஸ் ஓட்டியவர். இங்கிலாந்தில் ஹாரோகிளஃப் என்ற ஊரின் கடைத்தெருவில் கிளம்பி, மேட்டுக் குடியிருப்பு வரை போய்த் திரும்பும் வண்டி. யாராவது மழையில் ஓடிவந்தால் நிறுத்திக் காத்திருப்பார். இப்போது எழுபத்தெட்டு வயது. நல்ல மனுஷன் என்று ஊரெல்லாம் பெயர். அந்தப் பெயர்தான் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

முப்பது வருடத்துக்கு முன்னால், நகராட்சியின் பஸ்களை அரசாங்கம் விற்கச் சொன்னபோது, ஓட்டுநர்களே சேர்ந்து வாங்கினார்கள். ஆளுக்கொரு பங்கு. இரண்டே வருடத்தில் வெளியூர்ப் பெரிய கம்பெனி ஒன்று நல்ல விலை சொல்லிக்கொண்டு வந்து நின்றது. பணிமனைக் கேன்டீனில் ரகசிய ஓட்டு. மடித்த சீட்டுகளை பிஸ்கட் டப்பாவில் போட்டார்கள். விற்கலாம் என்று நூற்று நாற்பத்தொன்று, கூடாது என்று முப்பத்தெட்டு. மறுநாள் கேட்டால் எல்லாருமே கூடாது என்று போட்டவர்கள்! விற்கச் சொன்ன ஆள் ஒருவரைக்கூட ஹாரோகிளஃப் இன்றுவரை கண்டதில்லை.

நார்மனும் அப்படித்தான் சொன்னார். கூட வண்டி ஓட்டிய சிநேகிதன் கிளெம் அதை நம்பினார். நார்மன் வந்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் கண்ணாடி அறை கட்டிக்கொண்டார். புதுக் கம்பெனி முதலில் ஞாயிற்றுக்கிழமை வண்டியை நிறுத்தியது, பிறகு சாயங்கால வண்டியை. இப்போது செவ்வாயும் சனியும் மட்டும்தான் பஸ். அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து ஒரு கோப்பை டீயைக்கூட அவரால் நிம்மதியாகக் குடிக்க முடிந்ததில்லை.

கிளெம் போய்ச் சேர்ந்தபின், மேட்டில் தனியாக இருந்த அவர் மனைவி வின்னியைப் புதன்தோறும் கண் ஆஸ்பத்திரிக்குத் தன் காரில் கூட்டிப்போவது நார்மனின் வேலை. பரிகாரம் என்று அவரே நினைத்துக்கொண்டார். வின்னியோ அதைப் பெருந்தன்மை என்று நினைத்தார்.

நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தின நாளும் புதன்தான். திரும்பும் வழியில் இருவரும் மதுக்கடைக்குள் நுழைந்தபோது விவாதம் சூடாக இருந்தது. ஆற்றில் சாக்கடையைத் திறந்துவிட்டு அதற்கும் பில் அனுப்புகிறான் தண்ணீர்க் கம்பெனிக்காரன் என்றார் ஒருவர். டாக்டரைப் பார்ப்பதற்குள் வியாதி தானே சரியாகிவிடுகிறது என்றார் இன்னொருவர். யார் வந்தாலும் மிச்சத்தையும் விற்பான் என்றார் கடைக்காரர் டெஸ்.

"லண்டன்ல உக்காந்து ஆளறவனை மட்டும் ஏன் திட்டறீங்க?" என்றார் வின்னி. "நம்ம பஸ்ஸை வித்தது நம்ம ஆளுங்கதானே. கூடாதுன்னு போட்ட யோக்கியன் ரெண்டே பேர்தான், நானும் நார்மனும்னு எங்க கிளெம் கடைசிவரைக்கும் சொல்வாரு."

"முப்பத்தெட்டு ஓட்டு விழுந்துச்சே. மிச்ச முப்பத்தாறும் பேய் போட்டுச்சா?" என்று டெஸ் கேட்க, கடையே சிரித்தது. வின்னி பெருமையாக நார்மனின் கையைத் தட்டிக்கொடுத்தார். நார்மன் பாதி குடித்த கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுக் கார்ச் சாவியை எடுத்தார்.

மேட்டில், வின்னியின் வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் சொல்லிவிட்டார்.

"வின்னி, நான் விக்கலாம்னுதான் போட்டேன்."



"கிளெம்முக்குத் தெரியுமா?"

"தெரியாது."

வின்னி கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். கதவை அறைந்து சாத்தவில்லை. அறைந்திருந்தால் நார்மனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாளைக்குப் பத்து மணிக்கு வாக்குச்சாவடிக்குக் கூட்டிப்போக வருகிறேன் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் வின்னி வீட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் பத்துக்குப் போனார். வீடு பூட்டியிருந்தது. தெருமுனையில், துருப்பிடித்த பஸ் நிறுத்தத்தில், குடையும் கையுமாக வின்னி நின்றுகொண்டிருந்தார்.

நார்மன் ஜன்னலை இறக்கினார். "இன்னிக்கு வியாழக்கிழமை, வின்னி. பஸ் வராது."

"தெரியும்," என்றார் வின்னி, சாலையைப் பார்த்தபடியே.

வாக்குச்சாவடி ஒன்றரை மைல் இறக்கத்தில் இருந்தது. நார்மன் காரை ஓரங்கட்டினார். இறங்கிவந்து, வரிசை என்றால் வரிசைதானே, வின்னிக்கு ஒரு கஜம் பின்னால் தள்ளி நின்றுகொண்டார். மழை தூற ஆரம்பித்தது. வின்னி திரும்பிப் பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை.