ஐஸ் வைத்த சஹன்

ராத்தாவின் வீட்டுச் சமையலறை அலுமாரிக்கு மேலே வெள்ளை எனாமல் சஹன் ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. நீல விளிம்பு இரண்டு மூன்று இடங்களில் உதிர்ந்து கறுத்துவிட்டது. சஹன் என்றால் எங்கள் பக்கத்து விருந்துகளில் ஐந்தாறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுகிற பெரிய தட்டு. அதில் சோறும் இறைச்சியும் வைத்து எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதில் ஐஸ் கட்டி வைத்ததைப் பார்த்தவள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு, சாய்ந்தமருதில் ராத்தாவின் வீட்டு ஹோலில், மூன்று பெரிய மனிதர்களுக்கு நடுவே அந்த ஐஸ் கரைந்துகொண்டிருந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் நானும் ராத்தாவும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

ஐஸைக் கொண்டுவந்து வைத்தவர் மச்சான், அதாவது என் அக்காவான ராத்தாவின் கணவர். கட்டாரில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு ஐஸ் ஆலையில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்தார். மெசின் போடுகிற சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன நோய் என்று சொல்லிவிடுவாராம். அவரே சொன்னது, ஆகவே பாதியைக் கழித்துக்கொள்ளலாம். மீதிப் பாதி உண்மை என்பது பிறகு தெரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடங்களில் ராத்தா அவருடன் வாழ்ந்தது சில மாதங்கள்தான். வந்திறங்கிய அன்று மகனைத் தூக்கப் போனபோது அந்தப் பிள்ளை ராத்தாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "உம்மா, இந்த மாமா ஆரு?" என்று கேட்டது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள், ராத்தாவும் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். மச்சான் அதைப் பார்த்துக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். இனிப் போவதில்லை என்ற எண்ணம் அவருக்கு அந்த இடத்தில்தான் விழுந்திருக்க வேண்டும்.

போகாமல் இருப்பதென்றால் இங்கே பிழைக்க ஒரு வழி வேண்டும். வழி கண்ணுக்கு முன்னால் கிடந்தது. எங்கள் கரையில் மீனுக்குக் குறைவில்லை, ஐஸுக்குத்தான் பஞ்சம். வெளியூர் வியாபாரி லொறியில் ஐஸோடு வந்து நிற்பான். அவன் சொன்னதுதான் விலை. முறைத்துக்கொண்டு விற்காமல் வைத்திருந்தால் வெயில் ஏறியதும் மீன் கருவாட்டுக்குத்தான் போகும். ஊரிலேயே ஒரு ஐஸ் ஆலை இருந்தால் அந்த வியாபாரி எங்கள் விலைக்கு இறங்கி வருவான் என்பது மச்சானின் கணக்கு. கட்டாரில் சேர்த்தது பாதிச் செலவுக்குக் காணும். மீதிக்குப் பங்காளிகள் தேவை. அவர்கள் கிடைக்காவிட்டால் அடுத்த கிழமை கொழும்புக்குப் போய் டிக்கட்டை உறுதிப்படுத்த வேண்டும். விடுமுறை அதோடு முடிகிறது.

வந்திருந்த மூவரில் ஒருவர் கரைவலை முதலாளி, கடலைத் தவிர வேறெதையும் நம்பாதவர். இரண்டாமவர் மருதமுனையிலிருந்து வந்த, கைத்தறிச் சாரன் விற்கிற வியாபாரி. அவர் பேசியதைவிட மணிக்கூட்டைப் பார்த்ததே அதிகம். மூன்றாமவர் நிந்தவூர்ப் போடியார். ஏராளமான வயல்களுக்குச் சொந்தக்காரர், அண்மையில்தான் ஹஜ்ஜு செய்துவிட்டு வந்திருந்தார். மற்ற இருவரும் தங்கள் வாயை அவரிடம் ஒப்படைத்துவிட்டே வந்தது போலிருந்தார்கள். ஹாஜியார் தலையாட்டினால் காரியம் முடிந்தது. ஆட்டாவிட்டாலும் முடிந்ததுதான்.

மச்சான் முதல்நாளே மட்டக்களப்புக்குப் போய், ஒரு லொறிக்காரரைக் கெஞ்சி, உமியும் சாக்கும் சுற்றி அந்தக் கட்டியைக் கொண்டுவந்திருந்தார். விடியற்காலையில் பிடிபட்ட இரண்டு பாரைக் குட்டிகளில் ஒன்றை ஐஸோடும் மற்றதை வெறும் பன்புல் பெட்டியிலும் வைத்திருந்தார். இரண்டையும் கரைவலை முதலாளியின் மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். முதலாளி ஐஸ் மீனின் செவுளைத் திறந்து பார்த்தார், கண்ணை அழுத்திப் பார்த்தார், "ம்" என்றார். அந்த ஒரு எழுத்துக்கு ராத்தா என் கையை நசுக்கிவிட்டாள். நல்ல தொடக்கம்தான். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மச்சானுக்கு வாய் திறந்துகொண்டால் மூடத் தெரியாது. கொம்ப்ரசர், கொண்டென்சர் என்று தொடங்கி, இடையிடையே அரபியையும் கலந்து, ஏதோ ஆலையே ஹோலுக்குள் ஓடிக்கொண்டிருப்பது போலக் கையை ஆட்டி விளக்கினார். ஹாஜியார் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, ஊர் வழக்கப்படி மருமகன் என்று விளித்து, ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினார்.

"கரண்ட் நிண்டா என்ன செய்ற மருமகன்?"

"ஜெனரேட்டர் ஒண்டு போடலாம் ஹாஜியார்."

"வாடைக் காத்துக்குக் கடல் மூடிக் கிடந்தா ஐஸ ஆருக்கு விக்கிற?"

மச்சான் தடுமாறினார். சர்பத் கடை, கல்யாண வீடு என்று ஏதோ சொன்னார். அவருடைய சட்டையின் முதுகு நனைந்து ஒட்டிக்கொண்டது. கட்டியின் மூலைகள் உருண்டு, உமி மிதந்த நீர் சஹனின் விளிம்புவரை வந்துவிட்டது. சாரன் வியாபாரி மறுபடியும் மணிக்கூட்டைப் பார்த்தார். உள்ளே எங்கள் உம்மா சமைத்து வைத்திருந்த நெய்ச்சோற்றின் வாசம் ஹோல்வரை வந்தது. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டுத் திரும்பப் போட்டார். எழும்பப் போகிறார் என்று நினைத்தேன். மச்சானும் அப்படித்தான் நினைத்திருப்பார். அந்தப் பதற்றத்தில்தான் அவர் அதைச் சொன்னார்.

"நீங்க ஒண்டுக்கும் யோசிக்காதீங்க ஹாஜியார். லாபம் வந்தாலும் வராட்டியும், நீங்க போடுற சல்லிக்கு மாசா மாசம் ஒரு தொகை உங்கட கையில தந்திருவன். நட்டம் வந்தா அது என்ட தலையில."

வேறு ஊரில், வேறு ஆட்களிடம் இதைச் சொல்லியிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார்கள். இங்கே சாரன் வியாபாரி "அஸ்தஃபிருல்லாஹ்" என்று நிலத்தைப் பார்த்துப் பாவமன்னிப்புத் தேடினார். முதலாளி மீனைத் தொட்ட விரல்களைச் சாக்கில் துடைத்தார். நட்டத்தில் பங்கில்லாமல் மாதம் தவறாமல் வருகிற காசுக்கு எங்களிடம் ஒரே பெயர்தான். அது மச்சானுக்கும் தெரியும். பயம் வந்தால் மனிதனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது. அதுவும் ஹஜ்ஜிலிருந்து வந்த வாசம் போகாத மனிதரின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்!

"மருமகன், அது வட்டி," என்றார் ஹாஜியார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

எனக்கு மச்சானைப் பிடித்து உலுக்க வேண்டும்போலிருந்தது. அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. அது ராத்தாவின் குரல் என்று புரிய எனக்கே கொஞ்சம் நேரம் எடுத்தது. ஆண்கள் கூடியிருக்கிற இடத்தில் அவள் அதற்கு முன் தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டதில்லை.

"ஹாஜியார் மாமா, போகாதீங்க. அவர் வட்டியெண்டு நினைச்சுச் சொல்லல்ல. பயத்தில சொல்றார். நீங்க இல்லண்டா அவர் திரும்பப் பிளேன் ஏறணும். புள்ள அவர மாமாண்டு கூப்புடுது." திரைச்சீலையின் மடிப்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். "ஐஸ் கரையிற சாமான் மாமா. உங்களுக்கு முன்னாலதானே கரையுது. கரையாதெண்டு ஆர் வாக்குத் தர ஏலும்? நல்லாப் போனா எல்லாருக்கும் நல்லம். கரைஞ்சா எல்லாருக்கும் கரையட்டும்."

மச்சான் திரும்பித் திரைச்சீலையைப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதில் நன்றி இருந்ததாகச் சொன்னால் பொய். ஹாஜியார் சஹனைப் பார்த்தார். ஒரு தேங்காயளவுக்குச் சிறுத்துப்போன ஐஸ் உமித் தண்ணீரில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு சால்வையை எடுத்து மடியில் வைத்தார்.

"அந்தச் சஹனக் கழுவிச் சோத்தப் போட்டுக் கொண்டுவாங்க புள்ள," என்றார். "நாலு பேருக்கும் ஒண்டு காணும்."

ஓம், சம்மதம் என்று அவர் சொல்லவேயில்லை. சொல்லத் தேவையுமில்லை. ஒரே சஹனில் கைபோட்டபின் ஒருவருக்கு மட்டும் தனியாக அளந்து வைப்பதில்லை. கூடுதலோ குறைவோ, இருப்பதை எல்லோரும் சேர்ந்துதான் சாப்பிடுவது. கழுவும்போது ராத்தா அந்த ஐஸ் துண்டை எறிய மனமில்லாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், விரல் சிவந்து விறைக்கும்வரை.

அவர்கள் போனபிறகு மச்சான் உள்ளே வந்தார். ராத்தாவைச் சந்தோஷமாகக் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். "எனக்குப் பயமெண்டு அவங்களுக்கிட்டச் சொல்ல உனக்கு ஆரு சொன்ன?" என்றார். நாலைந்து நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமல்ல. பயணத்தை நிறுத்திக் கொடுத்தவளோடு கோபமாம்! ராத்தாவிடம் சொன்னேன். அவள் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "கோபிக்கட்டும் புள்ள. இஞ்ச இருந்துதானே கோபிக்கிறார்," என்றாள்.

ஆலை வந்தது. முதல் வருடம் ஐஸ் மட்டுமல்ல, போட்ட காசும் கரைந்தது. கரண்ட் அடிக்கடி நின்றது, மெசின் ஒருமுறை பழுதாகிக் கிடந்தது. ஹாஜியார் வந்து பார்த்தார், ஒரு வார்த்தை குறைசொல்லவில்லை, சர்பத்துக்கு ஒரு துண்டு ஐஸ் வாங்கிக்கொண்டு போனார். பிறகு நிமிர்ந்தது. ஊரடங்கு நாட்களில் திரும்பவும் படுத்தது, திரும்பவும் நிமிர்ந்தது. மச்சான் அதன்பிறகு பிளேன் ஏறவில்லை.

போன நோன்புப் பெருநாளைக்கு ராத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். மச்சானுக்கு இப்போது தாடி முழுக்க வெள்ளை. மகனின் சிநேகிதர்களை ஹோலில் இருத்திவைத்து, தொழில் தொடங்குவது எப்படி என்று பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் சமையலறையில் ராத்தாவோடு நின்று கேட்டேன். "நான் ஹாஜியார்ர முகத்தப் பார்த்துச் சொன்னன்," என்றார் மச்சான். "ஐஸ் கரையிற சாமான் ஹாஜியார், கரைஞ்சா எல்லாருக்கும் கரையட்டுமெண்டு! மனிசன் அப்படியே குந்திட்டார்." மாசா மாசமும் இல்லை, பயமும் இல்லை, திரைச்சீலையும் இல்லை. எனக்குக் காது சூடேறியது. ஹோலுக்குப் போய் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு கேள்வி கேட்கத் திரும்பினேன். ராத்தா என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, மறு கையால் அலுமாரிக்கு மேலிருந்த சஹனை எடுத்துத் தூசியை ஊதினாள். அவளுடைய முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

"சொல்லட்டும் புள்ள," என்றாள். "இஞ்ச இருந்துதானே சொல்றார்."