போத்தலோடு வந்தவர்

ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல் கிணற்று நீர்மட்டத்தை அளந்து எழுதிவிட்டுத் தென்னைகளுக்கு நீர் விட்டேன். பத்து மணிக்கு, வேலிக்கு அப்பாலுள்ள பழைய இராணுவ முகாமில் வெடிபொருள் அகற்றுபவர் முதன்முறையாக எங்கள் வாசலுக்கு வந்தார். மெலிந்த, வெயிலில் கறுத்த மனிதர். வேலிக்கு அப்பால் பார்க்கும்போதெல்லாம் கக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும். அன்றும் இருந்தது. அண்ணனை அழைப்பதுபோல் என்னைக் காக்கா என்று அழைத்தார்.

"வேலை முடிஞ்சி காக்கா. இனிப் பயமில்லாம மாடு கட்டுங்க."

மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"இந்தக் கிணத்துத் தண்ணியா?" என்று கேட்டார்.

"ஓம். நாங்க இதத்தானே குடிக்கிற."

அவர் கோப்பையைத் தொடவில்லை. தன் போத்தலைத் திறந்து குடித்தார்.

"அப்ப தண்ணியில என்ன இரிக்கி?" என்றேன்.

"தெரியா காக்கா. வெடிக்கிற சாமான எடுக்கிறது மட்டுந்தான் எங்கட வேலை. ஆமிக்காரங்க மண்ணில ஊத்தின எண்ணெய், எரிச்ச வெடிமருந்து எல்லாம் எங்கட கணக்கில இல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழுந்ததும், முதல் வேலையாகக் கிணற்று வாளியைக் கயிற்றோடு கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டு, பள்ளிவாசல் குழாயில் கைகால் கழுவி ஒழுவெடுக்க நடந்தேன்.