ஈரலில் சுட்ட இடம்

அக்காவின் ஈரலில் கட்டி இருப்பது தெரிந்தபோது நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. இருவரும் ஒரே பனியன் கம்பெனி. அவள் ஓவர்லாக் மெஷினில் தைப்பாள், நான் பேக்கிங். மஞ்சள் காமாலைக் கிருமி பல வருடமாக அவள் உடம்பிலேயே தங்கி ஈரலைச் சுருக்கிவிட்டிருந்தது. அதில்தான் இந்தப் புற்றுக்கட்டி.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கட்டி சின்னதுதானுங்க. ஆனா ஈரல் இருக்கிற நெலமைல ஆபரேசன் தாங்காதுங்க. ஸ்கேன்ல பாத்துட்டே கட்டிக்குள்ள ஒரு ஊசிய விட்டு, கரண்ட்டுல சூடேத்திச் சுட்டுப்போடலாம். பெரிய ஆபத்து வர்றது கம்மிதான்." ஸ்கேன் படத்தில் ஓரிடத்தில் பேனாவை வைத்தார். "ஆனா இங்க பாருங்க, கட்டிய ஒட்டி பெரிய ரத்தக்குழாய் போவுது. ஓடற ரத்தம் சூட்ட இழுத்துட்டுப் போயிரும். அந்த ஓரம் முழுசா வேகாம நின்னுரலாமுங்க. அவங்ககிட்டயும் சொல்லிப்போடுங்க."

தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள்.

"என்னலே சொன்னாரு? வெட்டணுமா?"

"வெட்டே கிடையாதுக்கா. ஊசிதான். ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துரலாம்."

"முழுசாப் போயிருமா?"

"போயிரும்."

அவள் முகம் தெளிந்ததைப் பார்த்த பிறகு மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சம்மதப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று கேட்டாள். விரலை வைத்துக் காட்டினேன். படிக்காமலே போட்டாள்.

ஊசி வைத்த அன்றும் மறுநாளும் காய்ச்சல் அடித்தது. வலது தோளில் வலி. இரண்டும் தானாகவே அடங்கின. இரண்டு வாரத்தில் மெஷினுக்குப் போய்விட்டாள். "கத்தியே வைக்கல, எல்லாம் போயிட்டு" என்று கூடத் தைக்கிற பெண்களிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே கேட்டிருப்பேன். ஒட்டிய பெட்டிக்கே மறுபடியும் ஒட்டுவேன்.

ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனைப் பார்க்க அவளும் உள்ளே வந்தாள்.

"கொழாய ஒட்டின ஓரத்துல கொஞ்சம் உசுரோட இருக்குதுங்க" என்ற டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கே சொன்னனுங்களே, அதேதான். இன்னொருக்கா சுட்டுப் பாக்கலாம்."

அக்கா என்னைப் பார்த்தாள். பஸ் அவிநாசி தாண்டிய பிறகுதான் வாய் திறந்தாள்.

"நான் பயந்துருவேன்னு மறச்சியா, நீ பயந்து மறச்சியா?"

பஸ் டிக்கெட்டைச் சின்னதாக மடித்துக்கொண்டிருந்தேன்.

"அத்தன பேருகிட்டயும் போயிட்டுன்னு சொல்லிட்டேம்லே. இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு லீவு கேக்க?"

அன்றிலிருந்து டாக்டரிடம் எல்லாவற்றையும் அவளே கேட்டாள். இந்தத் தடவை முழுசாகப் போகுமா என்றபோது, "போகும்னு நம்பறனுங்க, உறுதி சொல்ல முடியாதுங்க" என்றார். அந்தப் பதிலோடுதான் இரண்டாவது ஊசிக்குப் படுத்தாள். ஓரம் வெந்தது. அந்த இடத்தில் மறுபடி வரவே இல்லை.

மூன்று வருடம் வேலைக்குப் போனாள். பிறகு ஒரு சாயங்காலம் கம்பெனி கேட்டுக்கு வெளியே என்னை நிறுத்தினாள். காலையிலேயே தனியாகக் கோயம்புத்தூர் போய் வந்திருக்கிறாள்.

"ஈரல்ல வேற பக்கம் நிறைய வந்திருக்காம்லே. இத ஊசியால சுட முடியாதாம்."

வேலை விட்டுப் போகிற கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. என் சட்டைக் கையைப் பிடித்துச் சுவர் ஓரமாக இழுத்தாள். "மீதியையும் மறைக்காமச் சொல்லுதேன், கேளு" என்றாள்.