பொன்னுக்கு வீங்காத கன்னம்

2008-ஆம் வருடம், மே மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. எங்கள் கிறிஸ்தவ வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபையில் கேட்பார்கள். மூன்றாவது ஓலையும் தாண்டினால்தான் அம்மாவுக்கு மூச்சே வரும்.

என் இடது கன்னத்தில், தாடைக்குச் சற்று மேலே, ஒரு பள்ளம் இருந்தது. பள்ளியில் படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து பிரேக் கம்பி குத்தியதில் வந்தது. சிரித்தால் கன்னத்தில் குழி விழுவது அழகு என்பார்கள். எனக்குச் சிரிக்காமலே விழும், அதுவும் ஒரு பக்கம் மட்டும். போட்டோ என்றால் வலது பக்கத்தைக் காட்டியே பழகிவிட்டேன். கல்யாண ஆல்பம் முழுக்கவா ஒருக்களித்து நிற்க முடியும்? நர்சரி பள்ளியில் டீச்சராக இருந்ததால் கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது. அம்மாவை ஒருவழியாகச் சம்மதிக்க வைத்து, பாண்டிச்சேரியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போய், பள்ளத்தை நிரப்பும் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். அதற்கு ஃபில்லர் என்று பெயர். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

ஊசி போட்ட நேரம் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்ன பத்தியம்தான் நீளம். கன்னத்தை அழுத்தக் கூடாது, தேய்க்கக் கூடாது. அந்தப் பக்கமாகப் படுக்கக் கூடாது, தலையை உயர்த்தி மல்லாந்துதான் படுக்க வேண்டும். துணியில் சுற்றிய ஐஸை மேலாக, பட்டும் படாமல் வைக்கலாம். வெயில், ஆவி, அடுப்புச் சூடு சில நாளைக்கு ஆகாது. பவுடர், க்ரீம் இன்றைக்கு வேண்டாம். ஃபேஷியல், மசாஜ் இரண்டு வாரத்துக்கு நினைக்கவே கூடாது. அழுத்தினால் உள்ளே போட்ட மருந்து நகர்ந்து, ஒரு பக்கம் மேடு தட்டிவிடும். லேசாக வீங்கும், கன்றிப்போகும், பயப்பட வேண்டாம். ஆனால் வலி ஏறிக்கொண்டே போனாலோ, தோல் வெளுத்துத் திட்டுத் திட்டாக ஆனாலோ, கண் பார்வை மங்கினாலோ அந்த நிமிடமே ஓடி வர வேண்டும். இதையெல்லாம் அம்மா ஜெபமாலை மாதிரி பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை கண்ணாடியைப் பார்த்தால், வாயில் ஒரு கொழுக்கட்டையை ஒதுக்கி வைத்தது போலக் கன்னம் உப்பியிருந்தது. நடுவில் நாவல்பழக் கறை மாதிரி ஒரு நீலம். டாக்டரம்மா சொன்னதுதான் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். தெரிந்து என்ன, வெளியில் யாரிடம் சொல்ல முடியும்? துப்பட்டாவைத் தாடையோடு சுற்றிக்கொண்டு நான் ஹாலுக்கு வந்த நேரம் பார்த்து, பக்கத்துக் குவார்ட்டர்ஸ் நாகர்கோவில் ஆன்ட்டி உள்ளே நுழைந்தார்.

"என்ன மக்ளே, மொகத்துக்கு என்ன ஆச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "பொன்னுக்கு வீங்கி!"

அவ்வளவுதான். எங்கள் டவுன்ஷிப்பில் ஒரு தெருவுக்குள் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாவும் குடியிருக்கும். ஊருக்கு ஒரு வைத்தியம் என்றால், எங்கள் தெருவுக்கு அத்தனை ஊர் வைத்தியமும் வந்து சேர்ந்தது. நாகர்கோவில் ஆன்ட்டி தேங்காயெண்ணெயைச் சுடவைத்து ஒத்தடம் கொடுக்க வந்தார். எதிர்வீட்டு மதுரை அக்கா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வந்தார். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்துப் பூசினால் வற்றிவிடும் என்றார். கன்னமே போதுமான நீலமாக இருக்கிறது என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. "அப்புறம் போட்டுக்கிறேங்க்கா" என்று ஒவ்வொருவரையும் அனுப்பி வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அன்பாகத்தான் வந்தார்கள். அந்த அன்பை எல்லாம் கன்னத்தில் அழுத்தியிருந்தால் என் கதி என்ன?

சேதி அதோடு நிற்கவில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பாவும் மதுரை அக்காவின் வீட்டுக்காரரும் மைன்ஸில் ஒரே ஷிப்ட். அடுத்த நாள் காலை வடலூரிலிருந்து என் வருங்கால மாமியார், கையில் ஒரு கூடையோடு வந்து இறங்கிவிட்டார்.

அம்மா என்னை உள்ளே இழுத்து, "வாயத் தொறந்துடாதடி, இன்னும் ஒரு ஓலை பாக்கியிருக்கு" என்றார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. பள்ளத்தோடு பார்த்துச் சரி என்று போனவர்கள் அவர்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே மூஞ்சியில் ஊசி போட்டுக்கொண்டவள் என்று தெரிந்தால் என்ன நினைப்பார்கள்? அந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மாமியார் கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். பொன்னுக்கு வீங்கி வந்தால் உடம்பில் பொன் படவேண்டும் என்பது வழக்கம். அப்புறம் கூடையிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். வேப்பிலை, மஞ்சள் விழுது. அம்மியில் அவரே அரைத்தது, கை மணத்தது. "துப்பட்டாவ எடும்மா. நல்லா அழுத்தி அப்புனாத்தான் புடிக்கும்."

துப்பட்டாவை இறக்கினேன். ஒரு கை நிறைய விழுதோடு அவர் கை என் கன்னத்தை நோக்கி வந்தது. கதவோரம் நின்ற அம்மா கண்ணாலேயே கெஞ்சினார். பேசினால் கல்யாணம் போகும், பேசாவிட்டால் கன்னம். நான் யோசித்ததாக ஞாபகம் இல்லை. அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"வேணாங்க அத்தை. இது பொன்னுக்கு வீங்கி இல்லீங்க."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சைக்கிள், பாண்டிச்சேரி, ஊசி, அழுத்தினால் மேடு தட்டும் என்பது வரைக்கும். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

மாமியார் விழுதுக் கையை அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டு, என் முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "பொன்னுக்கு வீங்குனா நீலம் பூக்காதேன்னு அப்பவே பாத்துகினுதான் இருந்தேன்" என்றார். பிறகு கேட்டார்: "வலிக்குதா?"

அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது.

"அழுவாத, கன்னத்தத் தொடைக்கக்கூட முடியாது இப்ப. அந்தப் பள்ளம் என் கண்ண உறுத்தல. ஆனா உன் மூஞ்சி, உனக்குத்தான் தெரியும். டாக்டரம்மா என்னென்ன கூடாதுன்னாங்க, ஒண்ணு வுடாம சொல்லு."

சொன்னேன். பரீட்சைக்குப் படிப்பவர் மாதிரி கேட்டுக்கொண்டார். நலுங்கு ஞாபகம் வந்தது அவருக்குத்தான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரப் பெண்கள் எல்லோரும் சந்தனத்தையும் மஞ்சளையும் கன்னத்தில் அரக்கி அரக்கித் தேய்ப்பார்கள். டாக்டரம்மா சொன்ன கெடு அதற்குள் முடியாது. சட்டென்று சிரித்தார். "பொன்னுக்கு வீங்கியாவே இருக்கட்டும், அதச் சொல்லியே யாரையும் கன்னத்தத் தொட வுடமாட்டேன். சங்கிலியும் கழுத்துலயே கெடக்கட்டும், நாலு பேரு கண்ணுல படணும்ல?"

கிளம்பும்போது வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். தன் காதை மூடியிருந்த முடியைத் தயங்கித் தயங்கி ஒதுக்கினார். கம்மல் துளை இழுபட்டு, காது மடல் கீழே இரண்டாகக் கிழிந்திருந்தது. கம்மல் உண்மையில் ஒரு கறுப்பு நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "பெரியவன் கைக்கொழந்தையா இருக்கும்போது புடிச்சி இழுத்தது. எங்க வூட்டுல யாருக்கும் தெரியாது. அந்த டாக்டரம்மா இதத் தச்சி வுடுவாங்களா?"

நலுங்கன்று அவர் எனக்குப் பக்கத்திலேயே காவலுக்கு நின்றார். "கையில பூசு, கன்னத்துல வேணாம்" என்று ஆளாளுக்கு உத்தரவு. "பொன்னுக்கு வீங்கிக்கு மஞ்சள்தானே மருந்தே?" என்று ஒரு பெரியம்மா மடக்கினார். "எங்க வூட்டு வழக்கம் அப்படி" என்று மாமியார் ஒரே போடு போட்டார். மாப்பிள்ளையின் அம்மா சொன்ன பிறகு மறுபேச்சு ஏது? கல்யாண ஆல்பத்தில் நான் இரண்டு பக்கமும் திரும்பி நிற்கிறேன்.

அடுத்த மாதம் மாமியாரும் மருமகளுமாகப் பாண்டிச்சேரி போனோம். காதில் மரத்துப்போகும் ஊசி போடும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தையல் பிரிக்கும்வரை தினமும் களிம்பு போட்டுவிட்டது நான்தான். இரண்டாவது நாளே அரிக்கிறது என்று விரலைக் கொண்டுபோவார், நான் அதட்டுவேன், சிறுபிள்ளை மாதிரி கையை இறக்கிக்கொள்வார். என் கன்னத்தில் போட்டது டாக்டரம்மா சொன்னபடியே ஒரு வருடத்துக்கு மேல் இருந்து, மெல்லக் கரைந்தது. மறுபடி போட்டுக்கொள்ளலாமா என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, வீட்டில் வரும் அடுத்த கல்யாணத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம்.

யார் முன்னால் எதை மறைப்பது என்று தவிக்கும்போதெல்லாம், எதிரில் இருப்பவரும் தலைமுடிக்குள் எதையோ மறைத்துக்கொண்டு, தைரியமாகக் கேட்க ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.