தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தவர்

மார்லிஸ் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள். யாருடைய கை தவித்தாலும் அவள் கை தானாகப் போய்ப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கையை அடக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான், ஐம்பத்தெட்டு வயதில், மனத்துயர் தீரப் போதைக் காளான் கொடுத்துச் செய்யும் சிகிச்சையில் துணையிருக்க, அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் அவளுக்கு உரிமம் கிடைத்தது.

தெளிவில் இருக்கும்போது சம்மதிக்காத தொடுதல், போதையில் கெஞ்சிக் கேட்டாலும் கூடாது. அவளுக்கு விதி என்றால் விதிதான். உரிமம் கிரிமம் எதுவும் இல்லாத காலத்தில் அவள் தங்கை யாரோ ஒருவனிடம் போய்க் காளான் சாப்பிட்டாள். போதையில் "என்னைக் கட்டிப் புடிச்சுக்கோ" என்றாளாம், அவனும் கட்டிப் பிடித்துக்கொண்டான். தெளிந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அதற்குப் பிறகு எந்த மருத்துவரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. அந்த ஆள் கெட்டவன்கூட இல்லை என்பதுதான் மார்லிஸுக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

ஹார்லன் மரம் ஏற்றும் லாரி ஓட்டியவர். மனைவி இறந்து இரண்டு வருடமாக வீட்டைவிட்டு வெளியே வராதவரை மைத்துனர்தான் மார்லிஸிடம் இழுத்துவந்தார். சாப்பிடும் மாத்திரை, இதயம், குடும்பத்தில் யாருக்காவது மனநோய் உண்டா என்றெல்லாம் துருவிவிட்டு, மார்லிஸ் தொடுதல் படிவத்தை நீட்டினாள். சிகிச்சையின்போது கையையோ தோளையோ பிடிக்கலாமா?

"இது என் பொண்டாட்டி புடிச்ச கை, நர்ஸம்மா. வேற யாரும் தொடக்கூடாது. எழுதியே தர்றேன்."

"அப்ப தவிச்சுப் போனா எதைப் புடிச்சுக்குவீங்க?"

"என் லாரி கியரை!" என்று சிரித்தார்.

"கொண்டு வாங்க," என்றாள் மார்லிஸ். அவள் சிரிக்கவில்லை.

சிகிச்சை நாளன்று, கியர் ராடிலிருந்து கழற்றிய கறுப்பு உருண்டையோடு வந்து சேர்ந்தார் மனிதர். காலை ஒன்பதுக்குக் காளான் தேநீர். பதினொன்றரைக்குக் கண்ணை மூடிக் கட்டியிருந்த பட்டையைப் பிடுங்கி எறிந்தார். முகமெல்லாம் கண்ணீர்.

"உள்ள இழுக்குது நர்ஸம்மா... கையைப் புடிங்க. தயவுசெஞ்சு."

அவள் கை பாதி தூரம் எழுந்துவிட்டது. அதை மடியில் போட்டு அழுத்திக்கொண்டாள். படிவத்தில் எழுதியவர் தெளிந்திருந்தார். இப்போது கேட்பவர் தெளிவில் இல்லை.

"தொடவேணாம்னு நீங்களே சொல்லியிருக்கீங்க ஹார்லன். நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகமாட்டேன்."

"கல்லு மனசுக்காரி! செத்தாலும் தொடமாட்டியா?"

சுருக்கென்று தைத்தது. ஆனாலும் அசையவில்லை. உருண்டையை எடுத்து அவர் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தாங்க, உங்க கியர். பாரத்தோட மலை எறங்கும்போது எதுல போடுவீங்க?"

நெடுநேரம் விம்மல். பிறகு விரல்கள் தடவித்தடவி உருண்டையைப் பற்றின. "ரெண்டாவது."

"அப்ப ரெண்டாவதுலயே எறங்குங்க. ஒண்ணும் அவசரமில்ல."

ஒரு மணி நேரம் இறங்கினார். மார்லிஸ் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. மாலையில் மைத்துனர் அழைத்துப்போக வந்ததும், ஹார்லன் அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார். மறுபடி கதவைச் சாத்திக்கொண்டால் இனி யாராலும் திறக்கவைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். பயமாக இருந்தது.

நான்காம் நாள், பேசுவதற்குக் குறித்திருந்த நேரத்தில், தானே வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்.

"கோவம்தான் நர்ஸம்மா. ஆனா அன்னிக்கு நீங்க புடிச்சிருந்தா என் பொண்டாட்டி கைன்னு நெனைச்சிருப்பேன். தெளிஞ்சதும் உங்களையும் வெறுத்திருப்பேன், என்னையும் வெறுத்திருப்பேன்." மேசையைப் பார்த்தார். "அந்தப் படிவம் எங்க?"

'கூடாது' என்றிருந்ததை அடித்தார். 'கை' என்ற கட்டத்தில் குறியிட்டு, கையெழுத்தும் தேதியும் போட்டார். பேனாவை வைத்துவிட்டு, மேசைக்கு மேலே கையை நீட்டினார்.

மார்லிஸ் கையெழுத்தை ஒருமுறை சரிபார்த்தாள். பிறகு பிடித்துக்கொண்டாள்.