யாரைக் கேட்பது

மும்பையில் ஒரு முதலீட்டு வங்கியில் சேர்ந்து மூன்றாவது வருடம், அந்த வேலையை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு திருப்பூர் வீட்டுக்கு வந்தேன். கம்பெனிகளை விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் நடுவில் நின்று கணக்குப் போட்டுக் கொடுப்பது என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் நிதி மேலாண்மை சொல்லித்தரக் கூப்பிட்டிருந்தார்கள். சம்பளத்தில் பாதிகூட வராது. ஆனால் அந்த நேர்காணலில் மாதிரி வகுப்பு எடுத்தபோதுதான் வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன். வாரக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா ஒரு பனியன் கம்பெனியில், தைத்த துணியில் குறை கண்டுபிடிக்கும் செக்கிங் வேலை பார்ப்பவள். "அங்க யாரும் உன்ன எதுவும் சொல்லுதாங்களா?" என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். கட்டிங் மாஸ்டரான அப்பா சொன்னார்:

"எனக்கு அந்த வெவரமெல்லாம் தெரியாதும்மா. மொதலாளிகிட்ட ஒரு வார்த்த கேப்போம்."

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்த நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே கம்பெனிதான். பெரிய விஷயம் தெரிந்தவர் என்று எங்களுக்கு இருந்ததும் அந்த முதலாளி ஒருவர்தான். எனக்கு இஷ்டமில்லை. ஆனாலும் போனேன். யாராவது சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது.

நெருப்பெரிச்சல் என்ற பகுதியில் இருந்த அந்தக் கம்பெனிக்குள் நுழைந்தபோது தையல் மெஷின்களில் பாதி துணி போட்டு மூடிக் கிடந்தன. முதலாளி எழுந்து நின்று, "வாங்க கண்ணு, உக்காருங்க" என்றார். அப்பா உட்காரவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் முதலாளியே பேசினார்.

"நீங்க வந்தது நல்லதாப் போச்சுங்க. உங்களத்தான் கேக்கோணும்னு இருந்தேன். இந்தக் கம்பெனிய ஆராச்சும் வாங்குவாங்களா?"

அப்பாவைப் பார்த்தேன். அவருக்கும் இது அப்போதுதான் தெரிகிறது என்று முகம் சொன்னது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நாங்க பாக்கிறதெல்லாம் ரொம்பப் பெரிய கம்பெனிங்கய்யா..."

"வாங்க மாட்டாங்க. அப்படித்தானுங்க?"

தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

"பரவால்லீங்க கண்ணு. டீ குடிச்சுட்டுப் போங்க." பிறகு நினைவு வந்தவராக, "நீங்க என்னமோ கேக்கோணும்னு அப்பா சொன்னாருங்களே?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான்."

அப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து திரும்பினேன். சிக்னலில் நின்றபோது, தலையைத் திருப்பாமலே சொன்னார்: "பிடிக்கலன்னா விட்டுரும்மா. எங்களப் பாக்காத."

இந்த வார்த்தைக்காகத்தான் அத்தனை தூரம் வந்திருந்தேன். அது கிடைத்தபோது அதை வைத்து என்னால் எதுவும் செய்ய முடியவில்லை. அவர் தோளில் கை வைக்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

மறுநாள் காலை, வர இயலாது என்று கல்லூரிக்கு எழுதினேன். அம்மாவுக்கு நிம்மதி. ஏன் என்று அப்பா கேட்கவே இல்லை.

மழைக்காலம் தொடங்கும் முன்பே கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்பா இப்போது வேறொரு யூனிட்டில் பீஸுக்கு இவ்வளவு என்ற கூலிக்குத் துணி வெட்டுகிறார். அங்கே மாஸ்டராக இருப்பவருக்கு என் வயதுதான் இருக்கும். நான் அதே வங்கியில் இருக்கிறேன். போன மாதம் பதவி உயர்வு கொடுத்தார்கள். போன் செய்து சொன்னேன். "நல்லதும்மா" என்றார் அப்பா. அப்புறம் ஏதோ சொன்னார், மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை.