நாங்கள் இல்லாத ஊர்

இஸ்திரிப் பெட்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டே, தான் எழுதுகிற கதையில் வருகிறவர்கள் பேசுவதை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள் என் தங்கை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. வீட்டிலும் அதே வேலைதான். "மெதுவாப் பேசு. உன் ஊர்க்காரங்க சண்டைல என் சட்டை கருகுது" என்பார் அவள் வீட்டுக்காரர், பஸ் ஓட்டுகிறவர்.

இனிமேல் வரக்கூடிய ஒரு கெட்ட காலத்தைப் பற்றியது அவள் கதை. அந்த ஊரில் 'நாங்கள்' என்று சொல்லக் கூடாது, 'நாம்' மட்டும்தான். கேட்கிறவரை வெளியே நிறுத்துகிற சொல் என்று அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு குழந்தை வாய்தவறிச் சொல்லிவிட்டு முட்டிபோடுகிறது. பிறகு ஒரு தாய், வாசலில் நிற்கும் அதிகாரியிடம் "நாம சாப்பிடப் போறோம்" என்கிறாள். அவன் உள்ளே வந்து தட்டின் முன் உட்காருகிறான். "நாம தூங்கப் போறோம்" என்கிறாள். அவன் செருப்பைக் கழற்றுகிறான். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். தோன்றியதைக் கேட்டேன். "அங்க சாமி கும்பிடறவங்க 'எங்களைக் காப்பாத்து'ன்னு கேக்க முடியாதா?"

"முடியாதுக்கா. 'நம்மளைக் காப்பாத்து'ன்னுதான் கேக்கணும்."

"அப்போ சாமியையும் சேத்தா? அவரை யாருடி காப்பாத்துறது?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். இல்லாத அந்த ஊருக்காகவும் அன்று நான் வேண்டிக்கொண்டேன்.

பல வருஷத்து உழைப்பு. அதை அச்சில் பார்ப்பதைத் தவிர வேறெதற்கும் அவள் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. போன வாரம் பதிப்பாளர் வீட்டுக்கே வந்தார். நல்ல மனிதர்.

"எல்லாம் பிரமாதம்மா. கடைசில மட்டும் அந்தத் தாய் ஒரு பக்கம் பேசணும். அடக்குமுறை தப்பு, குடும்பம்னா என்ன, அதெல்லாம். இல்லேன்னா படிக்கிறவங்களுக்குக் கருத்து போய்ச் சேராது."

"பேசறாளே சார். கதவைப் பாதி சாத்திட்டு, 'நாங்க தூங்கப் போறோம்'னு."

"மூணே வார்த்தையா?"

"முதல் வார்த்தை மட்டும்தான் சார். மத்ததெல்லாம் அவ தினமும் சொன்னதுதானே."

"அந்தப் பக்கம் இல்லாம நான் போடறதுக்கில்லம்மா. வேற யார் போடுவாங்கன்னும் யோசிச்சுக்கங்க."

அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். அவள், பதிப்பாளர் மடியிலிருந்த தன் காகிதக் கட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள, இரண்டு கைகளையும் நீட்டினாள்.